முதலில் ஒயர், அப்புறம் படம்

சரவணா,

"ஒரு கையெழுத்துதானேம்மா, போட்டுட்டு வந்துடக் கூடாதா?" என்று ஓசூரிலிருந்து ஃபோனில் கேட்டாய். நான் மாட்டேன் என்றேன். "கல்யாணம் முடியற வரைக்குமாவது அடங்கி இரும்மா" என்று சொல்லி வைத்துவிட்டாய். இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் உன் அப்பா என்னிடம் ஒருநாளும் சொல்லாத வார்த்தை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஃபோனில் பேசினால் நடுவில் "சரிம்மா, சரிம்மா" என்று என் வாயை அடைத்துவிடுவாய். கடிதத்தில் அது முடியாது. படித்து முடித்ததும் இதைப் பூந்தமல்லியில் உன் மாமனார் வீட்டிலும் கொடு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். மறைக்கிறதற்கு இதில் ஒன்றுமில்லை.

நான் தியேட்டரில் என்ன செய்கிறேன் என்பது உனக்கே சரியாகத் தெரியாது என்று நினைக்கிறேன். உன்னைத் தப்பு சொல்லவில்லை. நான் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் நீ பள்ளிக்கூடப் பையன், மாடிக்கு ஏறிப் புரொஜெக்டர் ரூமுக்குப் போன காலத்தில் நீ ஹாஸ்டலில் இருந்தாய். கல்யாணத்துக்கு முன்பே நான் ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பேனல் போர்டு செய்கிற ஒரு கம்பெனியில் பெண்கள் நாங்கள் வரிசையாக உட்கார்ந்து ஒயர் கட்டுவோம். நீ வயிற்றில் இருந்தபோதுகூட மேஜையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு கட்டியிருக்கிறேன். அந்தக் கம்பெனி மூடிய பிறகுதான் தியேட்டர். நெமிலிச்சேரியிலிருந்து பட்டாபிராமுக்கு ஒரு ஸ்டேஷன், ரயில் தவறினால் நடந்தே போய்விடலாம், அந்த வசதிக்காகக் கவுண்டர் வேலையில் சேர்ந்தேன். ஃபிலிம் பெட்டி போய் டிஜிட்டல் புரொஜெக்டர் வந்தபோது பழைய ஆபரேட்டர் வேலையை விட்டுப் போனார். புது மிஷினைப் பழகிக்கொள்ள யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். கேன்டீனில் இருந்த டில்லிபாபுவும் நானும் கையைத் தூக்கினோம். அன்று முதல் நாங்கள் இரண்டு பேரும்தான் மாற்றி மாற்றிப் படம் ஓட்டுகிறோம். டில்லி என்னை அக்கா என்பான். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை என்பதால் அந்த வார்த்தை எனக்குப் பெரிசு.

புரொஜெக்டருக்குள் இருக்கிற செனான் விளக்கு நம் வீட்டு பல்பு மாதிரி இல்லை. கண்ணாடிக்குள் வாயுவை அமுக்கி அடைத்திருக்கிறார்கள். படம் முடிந்து விளக்கை அணைத்தால் வெளிச்சம்தான் போகும், சூடு உடனே போகாது. அது இறங்குகிறவரைக்கும் மிஷினுக்குள் இருக்கிற விசிறிகளும், குழாய் வழியாகச் சூட்டை வெளியே இழுத்துத் தள்ளுகிற பெரிய விசிறியும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் விளக்கு சீக்கிரம் கெடும். சூட்டோடு கதவைத் திறந்தால் வெடிக்கவும் செய்யும். ஆனால் எங்கள் தியேட்டரில் ஒரு பழக்கம். காட்சி முடிந்து ஜனம் வெளியேறினதும் யாராவது ஒருவர் மேலே வந்து ரூம் மெயின் சுவிட்சை "டக்"கென்று அணைத்துவிட்டுப் போவார்கள். அணைத்தவருக்குப் பொறுப்பாக நடந்துகொண்ட திருப்தி. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் ஒரு டைமர் போடுகிற யோசனை வந்தது. விளக்கை அணைத்த நொடியிலிருந்து டைமர் எண்ணத் தொடங்கும். அது எண்ணி முடிக்கிறவரை விசிறிகளுக்குப் போகிற கரண்ட் நிற்காது, பிறகு தானாக நின்றுவிடும். யாராவது ரூம் மெயினை அணைத்தாலும் விசிறி நிற்காதபடி அதற்கு மட்டும் தனி லைன். பேனல் கம்பெனியில் இந்த மாதிரி எத்தனையோ கட்டியிருக்கிறேன்.

மேனேஜர் சும்மா தலையாட்டிவிடவில்லை. "மெயினை அணைச்சா எல்லாம் அணையணும். உள்ள ஒரு லைன்ல கரண்ட் இருந்தா, தெரியாம கை வைக்கிறவன் கதி என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த லைனுக்கென்று தனியாக ஒரு சுவிட்ச் வைத்து, "மெயினை அணைத்தாலும் இந்தப் பெட்டியில் கரண்ட் உண்டு" என்று பெயின்டில் எழுதிய பிறகுதான் சரி என்றார். சரி என்று சொன்னார், சரவணா. இதை நினைவில் வைத்துக்கொள். முதல் நாள் சோதித்துப் பார்த்தபோது விசிறி அரை நிமிஷத்தில் நின்றுவிட்டது. டைமரை நிமிஷக் கணக்கில் வைப்பதற்குப் பதிலாக நொடிக் கணக்கில் வைத்திருக்கிறேன். டில்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இன்னாக்கா, உன் டைமரு என்னவிட சோம்பேறியா கீது!" திருகி சரிசெய்தேன். டைமர் இருந்த டப்பாவின் மேல் ஒரு சிவப்பு விளக்கும் வைத்தேன். படம் முடிந்த பிறகு விசிறி ஓடுகிறவரை எரியும், அது எரிகிறவரை கதவைத் திறக்கக் கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு. வருஷக்கணக்கில் அது ஒழுங்காக வேலை செய்தது.

உன் நிச்சயதார்த்தத்துக்கு நான் லீவு போட்டிருந்த சமயத்தில்தான் எல்லாம் நடந்தது. அதற்குச் சில நாள் முன்னால் முதலாளி தியேட்டருக்கு வந்திருக்கிறார். மாடிக்கு ஏறியவர், ரூமில் யாரும் இல்லாமல் விசிறி மட்டும் ஓடுவதைப் பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறார். மேனேஜர் நான் இல்லாத நாளாகப் பார்த்து வெளியிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து, டைமரின் ஒயர்களை உருவி டேப் சுற்றிவிட்டு, விசிறியைப் பழையபடி ரூம் மெயினோடு சேர்க்கச் சொல்லிவிட்டார். டில்லியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலைக் காட்சியில் படம் மங்கி மங்கித் தெரிந்தது. ஜனம் கத்தியது. காட்சி முடிந்ததும் மேனேஜர் மேலே வந்து, தன் கையாலேயே மெயினை அணைத்துவிட்டு, "அடுத்த ஷோவுக்குள்ள லேம்ப்ப பாரு, சீக்கிரம் தொற" என்று டில்லியை அவசரப்படுத்தியிருக்கிறார். டில்லி அந்த நிலையிலும் திரும்பி டப்பாவைப் பார்த்திருக்கிறான். சிவப்பு விளக்கு எரியவில்லை. ஆறிவிட்டது என்று நினைத்துத் திறந்தான். விளக்கு வெடித்தது.

பூந்தமல்லியில் தட்டு மாற்றி முடித்துப் பந்தி போட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஃபோன் வந்தது. நான் இலையில் உட்காராமல் கிளம்பியதற்கு நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். "இன்னிக்குக் கூடவாம்மா?" என்றாய். ஆமாம், இன்னிக்குக் கூடத்தான். ஆவடி ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தபோது வலது கை முழங்கைவரை கட்டு, கன்னத்தில் தையல். கண்ணுக்கு ஒரு விரல் தள்ளிக் கண்ணாடித் துண்டு ஏறியிருந்தது. "லைட்டு எரியலக்கா. அதான் தொறந்தேன்" என்றான். வலியில் முனகிக்கொண்டே என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னான். "மூஞ்சிக் கவசம் ஆணியிலதான் தொங்கினு இருந்துச்சு. அத எடுத்து மாட்டிக்காதது என் தப்புக்கா."

ரயிலில் வீட்டுக்கு வரும்போது எனக்கு ஒன்று உறைத்தது. எரிந்தால் ஆபத்து, அணைந்தால் பத்திரம் என்று நான் வைத்திருந்தேன். ஒயரை உருவினாலும், பல்பு ஃபியூஸ் போனாலும், கரண்டே இல்லாவிட்டாலும் அது அணைந்துதான் இருக்கும். அப்படியானால் என் விளக்கு ஒரு பொய் சொல்லத் தயாராக அங்கே இத்தனை நாள் உட்கார்ந்திருந்தது. ஆறின பிறகு எரிகிற பச்சை விளக்காக அதை வைத்திருக்க வேண்டும். பச்சை எரியாவிட்டால் தொடாதே என்று இருந்திருந்தால் டில்லி தொட்டிருக்க மாட்டான். இது என் பிசகு. யாரும் கண்டுபிடிக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. நானாகத்தான் போய் மேனேஜரிடம் சொன்னேன்.

அவர் அதற்குள் ஒரு தாளை டைப் அடித்து வைத்திருந்தார். நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் நான் டைமர் பொருத்தியதாகவும், அந்தக் கோளாறான இணைப்பால்தான் விபத்து நடந்ததாகவும், அதற்கு நான் மன்னிப்புக் கேட்பதாகவும் அதில் இருந்தது. அவரிடம் கேட்டேன்: "இன்னா சார் இது? நீங்க சரின்னு சொல்லித்தானே போட்டேன்? அன்னிக்கு அங்க டைமரே இல்லியே, உருவிட்டீங்களே. இல்லாதது எப்படி சார் வெடிக்க வைக்கும்?"

"ஒரு ஃபார்மாலிட்டிதாம்மா. உங்களுக்கு வேலை போகாது, அதுக்கு நான் பொறுப்பு."

"என் லைட்டு வெச்ச விதம் தப்பு. அத என் கைப்பட எழுதித் தரேன். ஒயர உருவச் சொன்னதையும், சூட்டோட தொறக்கச் சொன்னதையும் நீங்க எழுதுங்க. ரெண்டையும் ஒண்ணா வெச்சுக் குடுப்போம்."

அவர் முகம் மாறிவிட்டது. "நீங்க கையெழுத்துப் போடலைன்னா டில்லி மேலதான் எழுத வேண்டியிருக்கும். கவசம் போடாமத் தொறந்தது அவன்தானே? யோசிச்சுக்குங்க. பூந்தமல்லியில சம்பந்தி வீட்டுக்கும் இதெல்லாம் போய்ச் சேரும்." அவரும் உன் மாமனாரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் என்பது உனக்குத் தெரியும். உனக்கு ஃபோன் செய்து அவர் எதைச் சொன்னார், எதை விட்டார் என்பது எனக்குத் தெரியாது. நீ என்னிடம் கேட்டது கையெழுத்தைப் பற்றி மட்டும்தான். டில்லியின் கை எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை.

டில்லி மேல் போய் விழுமே என்பதுதான் என்னை அரித்தது. வேலை போவது எனக்குப் பெரிதில்லை. நான் போட்டுவிட்டால் அவன் தப்பித்துக்கொள்வான். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. உன் அப்பாதான் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நீ போட்டுக் குடுத்துட்டா, அப்போ டைமரால வந்த வினைன்னு ஆயிடும். அத திரும்ப மாட்ட மாட்டாங்க. அடுத்தவன் கையி வெந்தா யாரு கேக்கறது?" அவர் அதிகம் பேசாதவர். பேசியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. டில்லி வீட்டுக்குப் போய், "நான் கையெழுத்துப் போடப் போறதில்ல, உன் மேல திருப்பினாலும் திருப்புவாங்க" என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவன் மனைவி டீ வைத்தாள். டில்லி, "போடாதக்கா" என்றான்.

விபத்திலிருந்து காட்சி இல்லாமல் கிடந்த தியேட்டருக்கு வெள்ளிக்கிழமை புதுப் படம் வந்தது. டில்லிக்குக் கட்டுப் பிரிக்கவில்லை என்பதால் ஆபரேட்டர் நான் ஒருத்திதான். புரொஜெக்டர் கம்பெனி ஆட்கள் வந்து புது விளக்கும், உடைந்துபோன கண்ணாடியும் மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். நான் போனதும் முதலில் பேனல் கதவைத் திறந்து பார்த்தேன். டைமரின் ஒயர்கள் டேப் சுற்றியபடியே தொங்கின. ஒரு மனிதன் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய பிறகும் அவை அப்படியே தொங்கின. அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த பயம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டு, "இத மாட்டிட்டுத்தான் லேம்ப்ப போடுவேன்" என்றேன்.

"விளையாடறீங்களா? ஹவுஸ்ஃபுல். முதல்ல படத்தைப் போடுங்க, அப்புறம் பேசிக்கலாம்."

"முதல்ல ஒயரு. அப்புறம் படம்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கீழே நேரம் ஆக ஆக விசில் கிளம்பியது. "படத்தப் போடு மாமே!" "இன்னா ஆபரேட்டரு, தூங்கறியா நைனா!" யாரோ நாற்காலிக் கையைத் தட்டத் தொடங்க, அரங்கமே தட்டத் தொடங்கியது. ரூம் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேனேஜர் என்னை வெளியே அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்கள் என்றேன். மிஷினை எழுப்பத் தெரிந்த இன்னொரு ஆள் கையில் கட்டோடு படியேறி வந்துகொண்டிருந்தான். டில்லி முதல் நாள் படத்தை எப்போதும் விடமாட்டான், ஜனத்தோடு கீழே உட்கார்ந்திருந்திருக்கிறான். படம் தொடங்கவில்லை என்றதும் என்னமோ ஏதோ என்று ஏறி வந்துவிட்டான். அவனுக்குப் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு முதலாளி.

"என்ன நடக்குது இங்க?" என்றார் முதலாளி. மேனேஜர் முந்திக்கொண்டார். "கையெழுத்தும் போட மாட்டேங்கறாங்க, படமும் போட மாட்டேங்கறாங்க சார்." நான் வாய் திறப்பதற்குள் டில்லி பேசினான். "மொதலாளி, இவருதான் மெயின அணைச்சாரு. இவருதான் தொறன்னாரு. ஒயர உருவுனத எனக்கு ஒரு வார்த்த சொல்லல. கவசம் போடாதது என் தப்பு, அத எங்க வேணா சொல்றேன். அக்கா மேல எழுதாதீங்க."

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். "உருவச் சொன்னது யாரு?"

மேனேஜர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். பிறகு மெதுவாக, "நீங்கதானே சார், ஆளில்லாத ரூம்ல எதுக்குக் காத்தாடின்னு சத்தம் போட்டீங்க" என்றார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அந்த மனிதர் மேலேயும் பரிதாபம் வந்தது. அவரும் யாருக்கோ பயந்துதான் செய்திருக்கிறார். ஆனால் அவருடைய பயத்தை நான் ஏன் சுமக்க வேண்டும்? கீழே இருந்து தட்டுகிற சத்தம் தரை வழியாக ஏறிக் காலில் தெரிந்தது. முதலாளி தொங்குகிற ஒயர்களையும் டில்லியின் கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "மாட்டும்மா" என்றார்.

தனி லைனின் சுவிட்சை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். டில்லி இடது கையால் டார்ச் பிடித்தான். டைமரைச் சேர்த்ததும் நிறுத்தவில்லை. பையில் தயாராக வைத்திருந்த பச்சை விளக்கை எடுத்து, விசிறி ஓடி முடித்த பிறகுதான் அது எரியும்படி கட்டினேன். "சீக்கிரம், சீக்கிரம்" என்று மேனேஜர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒயர் வேலையில் எனக்குச் சீக்கிரம் என்பது கிடையாது. எல்லாவற்றையும் இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கதவை மூடினேன். பிறகு விளக்கைப் போட்டேன். திரையில் வெளிச்சம் விழுந்ததும் கீழே கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு கூச்சல். அது எனக்கானது இல்லை என்று தெரியும். இருந்தாலும் நான் எடுத்துக்கொண்டேன்.

படம் முடிந்ததும் முதலாளி மறுபடி மேலே வந்தார். நான் விளக்கை அணைத்தேன். ரூம் மெயினை அவரே அணைத்துப் பார்த்தார். விசிறி நிற்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, பச்சை எரிகிறவரை நின்றார். எரிந்ததும் போய்விட்டார். மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றாகச் செய்தாய் என்றும் சொல்லவில்லை. அந்தத் தாளைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சில்லை, டில்லி மேலும் யாரும் எதையும் எழுதவில்லை. மேனேஜர் என்னைக் கண்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறார். நாளைக்கே வேறு காரணம் சொல்லி என்னை அனுப்பினாலும் அனுப்புவார்கள். அனுப்பட்டும். அப்போதும் அந்த டப்பா அங்கே ஓடும். நீ கேட்டபடி அடங்கி இருந்திருந்தால் ஓடியிருக்காது.

உனக்கு நான் புத்தி சொல்ல ஆசைப்படுவது கொஞ்சம்தான். குடித்தனத்திலும் வேலையிலும் உன் பிசகை யாரும் கேட்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு. அதைச் சொல்லிவிட்ட வாய்க்கு அடுத்தவன் பிசகைச் சுமக்க மறுக்கிற தெம்பு தானாக வரும். ஊர் என்ன சொல்லும் என்று என்னிடம் சொல்லாதே. ஊர் அன்றைக்குக் கீழே உட்கார்ந்து விசில் அடித்துக்கொண்டிருந்தது. படம் வந்ததும் அடங்கிவிட்டது.

இன்னும் ஒன்று. நேற்று மதியக் காட்சிக்கு நீ கட்டிக்கொள்ளப் போகிற ரேவதி வந்தாள். தோழியைக் கீழே உட்கார வைத்துவிட்டு, வாட்ச்மேனிடம் வழி கேட்டுக்கொண்டு தனியாக மேலே ஏறி வந்தாள். வாசலில் நின்று மிஷினையும் என்னையும் பார்த்தாள். "அத்தை, நீங்க டிக்கெட் குடுக்கறீங்கன்னுல்ல அவரு சொன்னாரு?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது, சரவணா. அவளுக்கு முன்னால் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். இடைவேளைவரை பார்த்துக்கொண்டிருந்தாள், இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். போகும்போது பையிலிருந்து உங்கள் கல்யாணப் பத்திரிகையின் புரூஃபை எடுத்துக் காட்டினாள். உன் அப்பா பெயருக்குக் கீழே அவருடைய கம்பெனியும் வேலையும் போட்டிருக்கிறது. உன் மாமனாருக்கும் அப்படியே. என் பெயருக்குக் கீழே வெறும் காகிதம். "இங்க என்ன போடணும் அத்தை?" என்று பேனாவை நீட்டினாள்.

"புரொஜெக்டர் ஆபரேட்டர்" என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். அவள் அங்கேயே நின்று பிரஸ்ஸுக்கு ஃபோன் போட்டு, எழுத்துக் கூட்டிச் சொன்னாள். அதை எடுத்துவிடலாம் என்று உனக்குத் தோன்றினால் என்னிடம் வராதே. அவளிடம் கேட்டுப் பார்.

அம்மா